உப்பைப் பற்றி மட்டும்

ஒருவர் எழுதிய குறையை இன்னொருவருக்குப் படித்துக் காட்டுகிறவள்தான் முதலில் திட்டு வாங்குவாள் என்பதை மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ்காரரிடம் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்கு முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள் அங்கே ஒரு ப்ரௌசிங் சென்டரில் எனக்கு வேலை. செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்தவள் என்பதால் அங்கிருந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் என்னைப் பொறுப்பாக உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் கால் நிறைய மணலோடு வந்து உட்கார்ந்து ஊருக்கு மெயில் அனுப்புவார்கள். சிலர் தங்கிய இடம், சாப்பிட்ட இடம் பற்றியெல்லாம் இணையத்தில் எழுதிவைப்பார்கள். அப்படி ஒரு பெண் இந்த லாட்ஜைப் பற்றி எழுதியிருந்தாள். கடல் அழகு, முதலாளி அன்பானவர், குளியலறைப் பல்லி பூனைக்குட்டி அளவு இருக்கிறது. யாரோ போய்ச் சொல்லிவிட, லாட்ஜ்காரர் ஓடிவந்து "படிம்மா" என்றார். உள்ளதை உள்ளபடி படிப்பதுதான் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. படித்தேன்.

"இன்னாம்மா நீ, நீயே எய்தினா மாரி படிக்கற? பல்லி இன்னா நான் பால் ஊத்தி வளக்கறனா?" என்று என்னிடம் கத்தினார். எழுதியவள் அதற்குள் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தாள். கையில் கிடைத்தவள் நான்தான்.

அடுத்த வாரமும் வந்து நின்றார். கோபமெல்லாம் போய் ஆவல் மட்டும் இருந்தது. வேறு ஒருவர் எழுதியிருந்தார். கடல் அழகு, முதலாளி அன்பானவர், மெத்தையில் மூட்டைப்பூச்சி. நான் கடலையும் முதலாளியையும் மட்டும் படித்தேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றோடு என் படிப்பு பூர்த்தியானது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னாளில் நானே வீட்டிலிருந்து இணையத்தில் கடை போட்டபோது, குறைகளை எப்படி எதிர்கொண்டாய் என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். ஏதோ யோகாசனம் கற்றுக்கொண்டதுபோல ஒரு பதிலை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இருந்த பயிற்சி இந்தப் பல்லியும் மூட்டைப்பூச்சியும்தான்.

அதுவும் போதவில்லை என்றால் என் மாமியார் இருந்தார்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி. மாமனாரும் அத்தையும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் அறுப்பு அறுத்தும் மகனைப் படிக்க வைத்தவர்கள். மகன் ஐ.டி.ஐ. முடித்து அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்ததற்கு அப்புறம்தான் அந்த வீட்டுக்கு மேலே கான்கிரீட் வந்தது. அவர்கள் தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். தலையில் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஃபாதர் சொன்னார். அத்தை அப்படி எதுவும் சொல்லவில்லை.

கல்யாணமான மறுநாள் நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அத்தை சொன்ன முதல் வார்த்தை, "உப்பு." அவ்வளவுதான். கூடவா, குறைவா என்று கேட்டால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. பத்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு சோற்று வேளையிலும் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். புருவம் ஏறினால் ஜாஸ்தி, உதடு கோணினால் கம்மி. சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த முகத்தில் ஒரு அடையாளமும் கிடையாது. கோபத்தில் ஒருநாள் அவர் தட்டில் உப்பு ஜாடியையே தூக்கி வைத்தேன். அத்தை அதைத் திறந்து பார்த்து, "கல்லு உப்பா வாங்கினியா, தூளா?" என்றார்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அத்தையின் நெத்திலிக் கருவாட்டுத் தொக்குக்கு முன்னால் எனக்கும் வாய் பேசாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன்காரம்மா கூடையில் கொண்டுவரும் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, நல்லெண்ணெயில் பூண்டும் மிளகாயும் புளியுமாக எண்ணெய் பிரிகிறவரை கிண்டுவார். அளவு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் கைதான். இறக்குவதற்கு முன்னால் கரண்டி நுனியால் புறங்கையில் ஒரு பொட்டு வைத்து, ஊதி, நக்கிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பார். அப்புறம் ஒரு சிட்டிகை உப்போ, ஒரு துளி புளியோ. சில நாள் ஒன்றும் வேண்டாம்.

கடல் உள்ளே வந்த வருடத்துக்குப் பிறகு ப்ரௌசிங் சென்டரை முதலாளி திறக்கவே இல்லை. மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்று பிழைத்திருந்தது, அதை எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, போன் ஒயரைச் செருகி, அது கீச்சுக்கீச்சென்று கத்தி இணையத்தைப் பிடிப்பதைப் பார்த்த அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். என் கணவர் மதியச் சாப்பாட்டில் கொண்டுபோகும் தொக்குக்கு ஆபீசில் ஏற்கெனவே ரசிகர்கள் இருந்தார்கள். திருநெல்வேலி, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்து குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்கள். அதில் ஒருவர் வேலையை விட்டு நாவலூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனவர், அங்கிருந்து போன் பண்ணி, "அக்கா, இதை நெட்ல போடுங்க, எங்க ஃப்ளோர் மொத்தமும் வாங்கும்" என்றார். இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கத்தில் தொக்கின் படத்தைப் போட்டு, ஆர்டருக்கு மெயில் முகவரி கொடுத்து, கீழே யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று ஒரு இடமும் விட்டேன். அந்த இடத்தை எதற்கு விட்டேன் என்று பிற்பாடு பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து வந்த ஈஸ்டர் முடிந்து கடை ஆரம்பித்தது. பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடைத்து, புதுப்பட்டினத்தில் கூரியர் ஆபீஸில் கொண்டுபோய்ப் போடுவேன். பெட்டியை மோந்து பார்த்துவிட்டு அங்கிருக்கும் ஆள் என்னைப் பார்க்கும் பார்வையைப் பார்க்க வேண்டுமே.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அத்தை கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாது.

"இன்னிக்கி இன்னா எய்திகீறாங்க?"

"'அம்மா, தொக்கு பிரமாதம். எங்க வீட்டு ஞாபகம் வந்துடுச்சி'ன்னு பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் எய்திகீறாரு."

"அம்மான்னா போட்டுகீது?"

"ஆமா."

"இன்னொருவாட்டி படி."

இன்னொரு தடவை படிப்பேன். தொக்கு பிரமாதம் என்பதை விட்டுவிட்டு அந்த 'அம்மா' வரும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பொம்பளைக்கு இந்த வயதில் இப்படி ஒரு பெருமையா என்று நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். அவர் அறுப்புக்குப் போன வீட்டில் மிளகாய் இடிக்கச் சொல்வார்களாம், மாவு அரைக்கச் சொல்வார்களாம். இடித்த தூளை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். ஆனால் இவர் கையால் அடுப்பில் வைத்து ஆக்கியதை அந்த வீட்டில் நாய் மட்டும்தான் தின்னும். "பேரு சொல்லிக் கூப்ட்டாலே பெரிய விசயம். பாதி நாளு 'ஏய்'தான்." சொல்லிவிட்டு, உரித்த பூண்டை எண்ணெயில் போட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த 'அம்மா'வை அவர் கேட்காமலேயே இரண்டு தடவை படித்தேன்.

அதனால்தான் குறைகள் வர ஆரம்பித்தபோது எனக்கு வேலை கூடிப்போனது.

கடை என்று இருந்தால் குறை வராமல் இருக்குமா? எண்ணெய் கசிந்து சட்டை பாழாய்ப் போனதாக ஒருவர் எழுதினார். "பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுபோனேன், நாத்தம் தாங்காமல் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார்" என்று இன்னொருவர். அத்தையிடம் நான், "பஸ்ஸு முச்சூடும் வாசனை வந்துதாம் அத்த" என்று படித்தேன். "வராம?" என்றார் அத்தை. பொய் சொன்னதாக யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வாசனையும் நாத்தமும் ஒரே காற்றில்தானே வருகின்றன.

அத்தைக்குப் படித்துக் காட்டுவது ஒரு வேலை என்றால், எழுதினவர்களுக்குப் பதில் சொல்வது இன்னொரு வேலை. முதலில் அதை நானே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள், பாட்டில் மூடி கோணலாக இருக்கிறது, வீட்டுத் தயாரிப்பு என்பதற்காக இப்படியா என்று எழுதியிருந்தார். உங்கள் வீட்டில் எல்லாம் நேராகத்தான் இருக்கிறதா என்று எழுதிவிட்டேன். அவர் திருப்பி எழுத, நான் விடாமல் எழுத, அது குழாயடிச் சண்டையாகப் போனது. அதில் ஒரு விசேஷம், அந்த வாரம் ஆர்டர் அதிகமாக வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கையோடு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வியாபாரத்தின் ரகசியம் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றியது. என் கணவருக்கு அப்படித் தோன்றவில்லை. பதில் எழுதும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அவருக்கு ஆபீசில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. வால்வு, பைப், வெல்டிங் எதுவாக இருந்தாலும் சோதித்துப் பார்த்துச் சீட்டு ஒட்டினால்தான் வெளியே போகும். எங்கள் தொக்குக்கும் அதே பாஷையில் பதில் எழுத ஆரம்பித்தார். "தங்கள் புகார் பெறப்பட்டது. மேற்படி கசிவு குறித்து ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது. உரிய நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது." அதைப் பார்த்துவிட்டு ஒருவர், "சார், இது தொக்குக் கடையா, தாலுகா ஆபீசா?" என்று கேட்டார். அதற்கும் பதில் போனது. தங்கள் கேள்வி கவனத்தில் கொள்ளப்பட்டதாம்.

இப்படி நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் குறைகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்ததால், அத்தை வரைக்கும் ஒரு குறைகூடப் போய்ச் சேரவில்லை. உலகத்தில் குறையே சொல்லப்படாத ஒரே சமையல்காரியாக அவர் சில மாதங்கள் வாழ்ந்தார். என் குழம்புக்கு மட்டும் தினப்படி விமரிசனம் வந்துகொண்டிருந்தது.

விபூதி புதன் வந்தது. அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். எங்கள் வீட்டில் அதைத் தவசு என்பார்கள். கறி, மீன், முட்டை, கருவாடு எதுவும் வீட்டில் யார் வாயிலும் படக்கூடாது. இந்த விஷயத்தில் அத்தை போலீஸ். வெளியே டீக்கடையில் என் கணவர் முட்டை போண்டா தின்றால்கூட மோப்பம் பிடித்துவிடுவார். ஆனால் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. தவசில் கருவாட்டைத் தொடலாமா என்று நான் தயங்கிக் கேட்டபோது அத்தை ஒரு கணம்தான் யோசித்தார்.

"துன்னாத்தான் பாவம். விக்கறது பொயப்பு. பொயப்ப ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவ்வளவு சீக்கிரம் ஆண்டவரிடமிருந்து அனுமதி வாங்கியவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, வெளியூருக்கு நெத்திலித் தொக்கு என்று இரண்டு அடுப்பு எரிந்தது. தொக்கு அடுப்பைக் கிண்டும்போது அத்தை மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார், வாசனை வழியாகக்கூடப் பாவம் உள்ளே போய்விடக்கூடாது என்று.

இரண்டாவது வாரம் கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். "இந்தத் தடவை உப்பு ஜாஸ்தி." சரி, ஒருத்தர் என்று விட்டேன். மறுநாள் நாவலூரிலிருந்து, "அக்கா, கை தவறிடுச்சா? உப்பு கரிக்குது." அதற்கு மறுநாள் பெங்களூர்க்காரர், "கடல்தண்ணியில் கிண்டினீர்களா?"

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப்போவதில்லை. சந்தோஷம். வயிற்றிலிருந்து கிளம்பி வந்த சந்தோஷம். பத்து வருடத்துக்கு மேல் என்னைப் பார்த்து 'உப்பு' என்று சொன்ன வாய்க்கு, ஊர் பேர் தெரியாத சனங்கள் ஒன்றுசேர்ந்து பதில் சொல்கிறார்கள். நான் ஒருத்தி சொல்லவில்லை, பெங்களூர் சொல்கிறது. சாயங்காலம் ஜெபமாலை முடியட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு ஜெபமாலை ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "இன்னா எய்திகீறாங்க?"

வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த 'அம்மா'வுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நல்லாருக்குன்னு எய்திகீறாங்க" என்றேன்.

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆயுளில் ஒரு தடவை கிடைத்த சந்தர்ப்பத்தை இப்படித் தண்ணீரில் விடுவேனா? விட்டேன். அடுத்த நாளும் விட்டேன். என் கணவர் பங்குக்கு, "உப்பின் அளவு குறித்த தங்கள் கருத்து ஆய்வில் உள்ளது" என்று எல்லோருக்கும் எழுதித் தள்ளினார். அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்றேன். "நீ சொல்லு" என்றார். "உங்க அம்மாதான" என்றேன். "உன் கடைதான" என்றார். தைரியசாலிகள் நிறைந்த குடும்பம்.

கடைசியில் அத்தையே பிடித்தார். ஒருநாள் மத்தியானம் அடுக்களை மூலையில் நின்று காலி பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த மூலை அந்த வாரத்துக்குள் காலியாகிவிடும்.

"ஏம்மே, இங்க வா. பாட்லு வெச்சது வெச்ச மாரியே கீது. அல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு எய்துறாங்கன்ற. அப்பறம் ஏன் ஒருத்தனும் வாங்கல?"

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அத்தை ஸ்டூலைக்கூட எடுக்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் நின்றார். படித்தேன். உப்பு ஜாஸ்தி. உப்பு கரிக்கிறது. கடல்தண்ணி. ஒன்றையும் விடாமல், ஒன்றையும் பூசி மெழுகாமல் படித்தேன். லாட்ஜ்காரர் கத்தியது ஞாபகம் வந்தது. கத்தட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உப்புதான் சொல்லிகீறாங்களா?"

"ஆமாத்த."

"வேற இன்னாவும் சொல்லலியா?"

"இல்ல."

"நல்லாப் பாரு. யாரு ஆக்கறது, எந்தத் தெருவு, இன்னா சனம், அப்டி எதுனா?"

"ஒண்ணும் கேக்கல அத்த. உப்பைப் பத்தி மட்டுந்தான் கேக்கறாங்க."

அத்தை முந்தானையை எடுத்தார். மூச்சை விட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நான் மருமகளாக வந்து அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. "உப்புதான? அட, உப்புதானா! கொறச்சிட்டா போவுது, இதுக்கா மூஞ்ச தூக்கினு கீறீங்க ரெண்டு பேரும்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக நான் என்னென்னவோ மெழுகிப் படித்தபோதெல்லாம், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் எதற்குப் பயந்துகொண்டு காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. உப்பு ஜாஸ்தி என்று சொன்னவன் தின்றுவிட்டுச் சொல்கிறான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் என் கணவருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஏன் உப்பு ஏறியது என்று காரணம் கண்டுபிடிக்க வேண்டுமாம். உப்பு பாக்கெட்டை மோந்து பார்த்தார். கருவாட்டை வாங்கிய இடத்தை விசாரித்தார். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஆபீசில் கேட்கிற மாதிரியே கேட்டார், "யம்மா, இதுல எந்த எடத்துல டெஸ்ட் பண்ற?"

"இன்னா டெஸ்ட்டு?"

"ருசி எப்ப பாக்கற?"

அத்தை அவரை விரோதமாகப் பார்த்தார். "தவசுல கவுச்சிய நாக்குல வெக்கச் சொல்றியா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விபூதி புதன்கிழமையிலிருந்து அந்தப் புறங்கைப் பொட்டு இல்லை. மூக்கையும் மூடிக்கொண்டு, நாக்கையும் பூட்டிக்கொண்டு கிண்டியிருக்கிறார். கைக்கு நாக்கின் துணை இல்லாமல் போனதும் சந்தேகம் வந்திருக்கிறது. தூரமாய்ப் போகிற பொருள், கெட்டுவிடக்கூடாதே என்று சந்தேகத்துக்கு ஒரு கை உப்பு, அந்தச் சந்தேகம் தீர இன்னொரு கை. வால்வுக்கும் பைப்புக்கும் சீட்டு ஒட்டுகிற வீட்டிலிருந்து, ஒருத்தர் நாக்கிலும் படாமல் பெட்டி பெட்டியாகப் போயிருக்கிறது. ஈஸ்டர் வரைக்கும் கடையை மூடிவிடலாம் என்று என் கணவர் சொன்னார். அத்தை எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

தொக்கில் எண்ணெய் பிரிந்து வருகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். கரண்டியை நீட்டினார்.

"நீ பாரு."

"எனுக்கும் தவசுதான அத்த?"

"நீ நடுவுல வந்தவ. ஆண்டவரு உன் கணக்க லேசாத்தான் வெச்சிருப்பாரு. மிச்சத்த என் தலைல எய்திக்கச் சொல்றேன். பாரு."

ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் என் விசுவாசத்தை யாரும் இவ்வளவு தெளிவாக எடை போட்டதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டிய பேச்சுதான். ஆனால் அந்தக் கரண்டியை அவர் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டேன். அந்தப் பாவத்தைத் தன் கண்ணால் பார்க்கக்கூடாது என்று அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் செய்கிற மாதிரியே புறங்கையில் பொட்டு வைத்து, ஊதி, நக்கினேன்.

"உப்பு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பத்து வருடத்துக்கு மேல் மனதுக்குள் வைத்திருந்த வார்த்தை. சுவரைப் பார்த்து நின்ற முதுகு விறைத்தது.

"கம்மியா, ஜாஸ்தியா? சொல்லேன்டி!"

நான் அவசரப்படவில்லை. அடுப்பில் எண்ணெய் இரண்டு தடவை கொப்பளிக்கிறவரை காத்திருந்தேன். இதற்காக ஆண்டவர் என் கணக்கில் தனியாக எழுதிக்கொண்டிருந்தால் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம், "கொஞ்சூண்டு ஜாஸ்தி. புளி ஊத்தினா செரியாப்பூடும்" என்றேன். அத்தை திரும்பி வந்து புளி ஊற்றினார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினார். மறுபடி நக்கினேன். "சரியா கீது அத்த." பாட்டில்களில் அடைத்தோம்.

மூலையில் இருந்த பாட்டில்கள் மெல்லக் குறைய ஆரம்பித்தன. நாவலூரிலிருந்து, "அம்மா, இப்ப பழைய கை வந்துடுச்சி" என்று எழுதினார்கள். அந்தக் கை என் நாக்கு என்பதை நான் யாருக்கும் விளக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறு நெருங்கியபோது, கடல்தண்ணி என்று எழுதிய அதே பெங்களூர்க்காரர் மறுபடி எழுதினார். "இந்த முறை உப்பு கம்மி. முன்பு போல இல்லை."

இந்தக் குறைக்கு அத்தையோ கருவாடோ காரணமில்லை. நக்கிப் பார்த்தவள் நான். சாயங்காலம் அத்தை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். மெழுகலாமா என்று யோசித்தேன். அந்த மத்தியானத்துக்குப் பிறகு மெழுகுவதில்லை என்று வைத்திருந்தேன். இப்போது என் தலை உருளும்போது மட்டும் மெழுகினால் நன்றாக இருக்காது. உள்ளபடி படித்தேன். படித்துவிட்டு, அந்த உதடு கோணுவதற்காகக் காத்திருந்தேன்.

கோணவில்லை.

"இன்னாவாம் அவனுக்கு? போனவாட்டி கடலுன்னான், இந்தவாட்டி கம்மின்றான். எய்து நீ."

என் கணவர் எழுந்து வந்தார், உரிய நடவடிக்கை என்று ஆரம்பிக்கப் போனார். அத்தை கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "அவள எய்தச் சொன்னேன். நான் சொல்ற மாரியே எய்து. 'உப்பு சரியாத்தான் கீது. என் மருமவ பாத்தது. உனுக்கு வோணும்னா மேல ரெண்டு கல்லு போட்டுக்கோ.' எய்திட்டியா?"

சொன்னது சொன்னபடியே, 'கீது' கூட மாறாமல், டைப் அடித்து அனுப்பினேன். அந்த வீட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்று அத்தை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது. அத்தை அந்தத் தொக்கை வாயில் வைக்கவே இல்லை.